மொட்டை டயரும் மழைச் சாலையும்

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் உலர்ந்த நாளில் பந்தயம் ஓடும் மோட்டோ ஜிபி வண்டிகளின் டயரில் ஒரு பள்ளக்கோடு கூட இருக்காது. மேற்பரப்பு முழுக்க மழமழவென்றிருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் அந்த வண்டிகள், வளைவில் ஓட்டுநரின் முழங்கை தரையில் உரசும் அளவுக்குச் சாய்ந்தும் பிடியை இழப்பதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையோரம் நிற்கும் கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள்களில் ஒன்றிரண்டின் பின் டயரும் இதே மழமழப்போடு இருப்பதைப் பார்க்கலாம். அந்த டயரைக் கண்ட நண்பர்கள் உடனே மாற்றச் சொல்வார்கள். மழைக்கு முன் மாற்றிவிடு என்று அழுத்தியும் சொல்வார்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு டயர்களில் ஒன்று உலகத்தின் மிகச் சிறந்த பிடியைத் தருகிறது. இன்னொன்று உயிருக்கே ஆபத்து. டயரின் பிடி பள்ளக்கோட்டில் இல்லையென்றால், வேறு எதில் இருக்கிறது?

பினாங்கில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்து பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. கப்சாய் என்று இன்று மலேசியா முழுவதும் அழைக்கப்படும் சிறு வண்டிகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகிலும் பாலத்திலும் தினமும் பினாங்குத் தீவுக்குள் வரும் வேலையாட்களில் பலர் இவற்றில்தான் வருகிறார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களும் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இறப்புகள் அனைத்துக்கும் டயர் காரணமில்லை என்றாலும், வண்டிக்கும் சாலைக்கும் இடையில் இருப்பது டயர் ஒன்றுதான்.

அந்த இணைப்பின் அளவு எவ்வளவு என்பதைக் காகிதமும் மையும் கொண்டே அளந்துவிடலாம். டயரில் மை தடவி, வண்டியைத் தூக்கி, கீழே தாள் விரித்து இறக்கினால் டயர் தரையைத் தொடும் இடத்தின் அச்சு பதிந்துவிடும். டயர் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இந்த முறை உண்டு. இந்த அச்சைத் தொடுதடம் எனலாம். மை இல்லாமல் கணக்கிலும் இதை ஓரளவு பிடித்துவிடலாம். வண்டி 100 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்று கொண்டால், மொத்த எடையில் சுமார் 100 கிலோ பின் சக்கரத்தில் இறங்கும். பின் டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2.3 கிலோவைத் தாங்கும். எனவே 100 கிலோவைத் தாங்க 43 சதுர சென்டிமீட்டர் போதும். முன் டயருக்கு இதைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்தாலும் 80 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாது: நீளம் 10, அகலம் 8. வேகம் எடுப்பதும் நிறுத்துவதும் திரும்புவதும் இந்த இடத்துக்குள் நடந்தாக வேண்டும். காற்று குறைந்தால் தொடுதடம் பெரிதாகும். அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கிச் சூடாகும், வளைவில் வண்டி தள்ளாடும், மழையிலும் ஒரு தீங்கு உண்டு.

இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பிடி கிடைப்பதற்குக் காரணம் ரப்பரின் உள்ளமைப்பு. ரப்பர் மூலக்கூறு மிக நீண்ட ஒரு சங்கிலி. ஐசோப்ரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்து உருவானது. ரப்பர் மரத்திலிருந்து மங்கில், அதாவது சிறு கிண்ணத்தில், வடியும் பாலை உறைய வைத்து உலர்த்தினால் கிடைக்கும் பச்சை ரப்பரில் இந்தச் சங்கிலிகள் ஒரு தட்டு மீ நூடுல்ஸ் போலக் கிடக்கின்றன. ஒவ்வொரு இழையும் மற்றவற்றோடு பின்னியிருந்தாலும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கிறது, குளிரில் விறைக்கிறது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் இடையே அங்கங்கே முடிச்சுப் போடுகின்றன. இழைகள் அசையலாம், நீளலாம்; தட்டை விட்டு வெளியே வர முடியாது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இந்த முறைக்கு வல்கனைசாக்கம் என்று பெயர். கரிப்புகைத் தூளைச் சேர்த்தால் தேய்மானம் பெரிதும் குறையும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. டயர்கள் கறுப்பானது அதற்குப் பிறகுதான். முந்தைய டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன.

பிரேசிலிலிருந்து ஆங்கிலேயரான ஹென்றி விக்கம் 1876இல் எடுத்துச் சென்ற ரப்பர் மர விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது, பினாங்கிலிருந்து தெற்கே உள்ள கோலக்கங்சாரில் நடப்பட்டன. பிறகு மலாயா உலகத்தின் ரப்பர் தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள். டயரின் அறிவியலும் இந்தத் தோட்டங்களோடு தொடர்புடையது.

இரண்டு பொருள்கள் உரசும்போது எழும் உராய்வைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் விதி, பிரெஞ்சுக்காரரான அமோந்தோன் 1699இல் வகுத்தது. உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்கிறது அது. மரத்துக்கும் இரும்புக்கும் இந்த விதி நன்றாகப் பொருந்துகிறது, ரப்பருக்குப் பொருந்தவில்லை. ரப்பரை எடை கூட்டி அழுத்தினால் உராய்வு எடைக்கேற்ப உயர்வதில்லை, சற்றுப் பின்தங்குகிறது. அதே எடையை அகலமான பரப்பில் பரப்பினால் பிடி கூடுகிறது. ரப்பர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது நெடுங்காலம் புரியாமல் இருந்தது.

இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி நகரில், மலாயா ரப்பர் தொழில் தந்த நிதியில் ஓர் ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே பணியாற்றிய கார்ல் குரோஷ் 1963இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரை அவிழ்த்தது. அவர் செய்த சோதனை எளிமையானது. சிறு ரப்பர்த் துண்டைக் கண்ணாடி மீதும் உப்புத்தாள் மீதும் இழுத்து, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்தார். வேகமாக இழுத்தால் உரசலில் ரப்பர் சூடாகி அளவு கெட்டுவிடும். ஆகவே மிக மெதுவாக மட்டுமே இழுத்தார். சாலை வேகத்தில் நடப்பது அதில் எப்படித் தெரியும்? குரோஷ் வெப்பநிலையைக் கையில் எடுத்தார். ரப்பரைக் குளிர்வித்தால் அதன் சங்கிலிகள் மந்தமாக அசையும். குளிர்ந்த ரப்பரை மெதுவாக இழுப்பதும் சூடான ரப்பரை வேகமாக இழுப்பதும் சங்கிலிகளின் கணக்கில் ஒன்றுதான். உறைநிலைக்குக் கீழிருந்து கொதிநிலை வரை பல வெப்பநிலைகளில் எடுத்த அளவுகளைப் பொருத்தி அடுக்கியபோது, அவை ஒரே வளைகோட்டில் வந்து அமர்ந்தன.

அந்த வளைகோடுகளில் இரண்டு மேடுகள் தெரிந்தன. கண்ணாடியில் ஒரு மேடு. உப்புத்தாளில் அதோடு இன்னொன்று. உப்புத்தாளில் நுண்தூளைத் தூவி ரப்பர் நேராக ஒட்டாதபடி செய்தபோது முதல் மேடு மறைந்தது, இரண்டாவது அப்படியே நின்றது. ஆக, ரப்பர் இரண்டு வேறு வழிகளில் பிடிக்கிறது. முதல் வழி ஒட்டுதல். ரப்பர்ச் சங்கிலிகள் எதிர்ப்பரப்பின் மூலக்கூறுகளைப் பற்றி, நீண்டு, அறுந்து, மீண்டும் பற்றுகின்றன. குரோஷின் கணக்கில் இந்தத் தாவலின் நீளம் சுமார் 6 நானோமீட்டர், மூலக்கூறுகளின் அளவுதான். இரண்டாவது வழி தயக்கம். சாலையின் சிறு கற்கள் ரப்பரைக் குத்தி அமுக்குகின்றன. ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பாமல் சற்றுத் தயங்குகிறது. கல்லின் முன்பக்கத்தில் ரப்பர் எதிர்த்துத் தள்ளுகிறது. பின்பக்கத்தில் அதே அளவு திரும்பத் தள்ளுவதற்குள் கல் கடந்துவிடுகிறது. இந்த வித்தியாசமே பிடியாகிறது. அமுக்கச் செலவான ஆற்றலில் திரும்பக் கிடைக்காத பங்கு வெப்பமாகிறது. ஓடி வந்த டயரைத் தொட்டால் சூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்றாகத் துள்ளும் ரப்பர் மோசமாகப் பிடிக்கும் என்பது இதிலிருந்து வரும் முடிவு. மரத்துப் பாலில் கிடைக்கும் இயற்கை ரப்பர் மிக நன்றாகத் துள்ளும். தயக்கம் குறைவு, சூடேறுவதும் குறைவு. அதனால் லாரி டயருக்கும் விமான டயருக்கும் அதுவே உகந்தது. ஈரச் சாலையில் பிடிக்க வேண்டிய மோட்டார் சைக்கிள் டயரின் மேற்பட்டைக்கு ஸ்டைரீன் சேர்ந்த செயற்கை ரப்பரைக் கலக்கிறார்கள். அது தயங்கித் திரும்பும். இயற்கை ரப்பரின் இந்தக் குறையை, மலாயா ரப்பரின் பணத்தில் நடந்த ஆய்வே வெளிப்படையாக எழுதி வைத்தது. அறிவியலின் நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடத் தேவையில்லை.

இப்போது சிப்பாங் டயருக்குத் திரும்பலாம். உலர்ந்த தரையில் ஒட்டுதலும் தயக்கமும் சேர்ந்து வேலை செய்கின்றன. பள்ளக்கோடு இல்லாததால் தொடுதடம் முழுவதும் ரப்பர். தொடும் பரப்பு கூடினால் பிடியும் கூடும். கோடுகள் வெட்டப்பட்ட டயரில் அவற்றுக்கு இடையே நிற்கும் ரப்பர்ப் பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளியும், சூடேறும். கோடு இல்லாத டயரில் அந்தத் தொல்லை இல்லை. எனவே மிக மென்மையான ரப்பரை அங்கே பயன்படுத்தலாம். அந்த ரப்பர் 80, 90 டிகிரி வெப்பத்தில்தான் முழுப் பிடி தரும். பந்தயம் தொடங்குமுன் டயருக்கு மின்கம்பளம் சுற்றிச் சூடாக்குவது அதற்காகவே. அதை ஒரு கப்சாயில் மாட்டினால் அது கடைசி வரை வேண்டிய வெப்பத்தை எட்டாது. மழை வந்துவிட்டால் பந்தய வீரர்களே அந்த டயரைக் கழற்றிவிட்டு ஆழமான பள்ளம் கொண்ட டயருக்கு மாறுகிறார்கள்.

மழைத் தண்ணீர் முதலில் ஒட்டுதலைப் பறிக்கிறது. சங்கிலிகள் பற்ற வேண்டிய பரப்பை நீர்ப்படலம் மூடிவிடுகிறது. தயக்கப் பிடி மட்டும் மிஞ்சும். அதற்கும் கற்களின் முனை ரப்பரைத் தொட வேண்டும். அதாவது நீர் வெளியேற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியில், டயரின் ஒரு புள்ளி தரையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சாலையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், ஐந்து சென்டிமீட்டர் அகலத் தொடுதடம் நொடிக்கு முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். பள்ளக்கோடு இருப்பது இந்த வேலைக்கு. பட்டன்களுக்கு அடியில் சிக்கும் நீர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், பக்கத்துப் பள்ளத்தில் விழுந்துவிடும். பள்ளம் தேய்ந்த டயரில் நீர் தொடுதடத்தின் ஓரம் வரை பயணம் செய்ய வேண்டும், அதற்கு நேரம் இல்லை.

தண்ணீருக்கு அடியில் நடப்பதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். 1960களில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்னும் அவரது குழுவினரும் விமான டயர்களைச் சோதித்தபோது, ஓடுபாதையில் கண்ணாடித் தகடு பதித்து, சாயம் கலந்த நீரை அதன் மேல் நிறுத்தி, கீழிருந்து படம் எடுத்தார்கள். வேகம் குறைவாக இருக்கையில் தொடுதடத்தின் முன்முனையில் மட்டும் நீர் ஆப்பு வைத்தது; பின்னால் ரப்பர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேகம் கூடக்கூட ஆப்பு பின்னோக்கி நுழைந்தது. ஒரு கட்டத்தில் தொடுமிடம் எதுவும் மிஞ்சவில்லை. டயர் நீரின் மேல் ஏறிக்கொண்டது. இதை நீர்மிதப்பு எனலாம். காற்றழுத்தம் நான்கு மடங்கானால் மிதக்கும் வேகம் இரண்டு மடங்காகும் என்பதும் அவர்கள் கண்டது. காற்றுக் குறைந்த டயர் மழையில் தரும் தீங்கு இதுதான்: அது குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும்.

கப்சாயின் டயர் ஒடுங்கியது, உருண்டையானது. நீரைக் கிழித்துக்கொண்டு போகும். நகருக்குள் அது முழுமையாக மிதப்பது அரிது. அதை நம்பி மொட்டை டயரில் மழையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முழுதாக மிதக்க வேண்டியதில்லை. நீரின் ஆப்பு பாதித் தொடுதடத்தை எடுத்துக்கொண்டாலே பிரேக் பிடிப்பதற்கான பிடி போய்விடும். நேராகப் போகும்வரை எதுவும் தெரியாது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் முன்னால் ஒருவர் திடீரென்று குறுக்கே இறங்கும்போதுதான் தெரியும். 1801இல் எழுந்த பள்ளிவாசல், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கருணைத் தேவியான குவான் யின் சீனக் கோயில், பின்புறம் இந்தச் சாலையை ஒட்டிய மகாமாரியம்மன் கோயில் என்று எல்லா மக்களும் நடந்து கடக்கும் சாலை இது. 2008 முதல் உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் அடங்குகிறது. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், கால்வாய் மேல் போட்ட இரும்பு மூடியும் மழையில் தனி ஆபத்து. தார்ச்சாலையில் ரப்பரைக் குத்தக் கல்முனைகள் உண்டு. பெயின்டிலும் இரும்பிலும் இல்லை. ஒட்டுதலை நீர் பறித்த பிறகு தயக்கத்துக்கும் அங்கே வேலை இல்லாமல் போகிறது. புது டயர் கூட இங்கே தடுமாறும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் மழையின் முதல் சில நிமிடங்களும் அப்படித்தான்: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்குப் படலமாகிவிடும்.

பள்ளம் எப்படித் தேய்கிறது என்பதும் அதே வெல்வின் ஆய்வுக்கூடத்தில் விரிவாக ஆராயப்பட்டது. அடோல்ஃப் ஷாலமாக் 1950களில் ரப்பர் மீது ஊசியை இழுத்துக் கீறலைப் பார்த்தார். கீறல் நேர்கோடாக விழவில்லை. ரப்பர் ஊசியோடு நீண்டு, கிழிந்து, பின்னடித்து, இழுத்த திசைக்குக் குறுக்காகச் சிறு கிழிசல்களை விட்டது. தேய்ந்த டயரை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அதன் மேல் நுண்ணிய குறுக்கு வரிகள் தெரியும். விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழவழக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். ஒவ்வொரு வரியும் மடங்கிய சிறு நாக்கு. அதன் அடிவேரில் கிழிசல் வளர்ந்து ஒருநாள் துணுக்காகக் கழன்றுவிடும். வரி சாய்ந்திருக்கும் திசையைக் கொண்டு, அந்த இடத்தை அதிகம் தேய்த்தது பிரேக்கா முடுக்கமா என்றும் சொல்லிவிடலாம்.

இந்தத் தேய்மானத்தின் வேகத்தைக் கணக்குப் போட்டால் வியப்பு வரும். கப்சாயின் பின் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 15,000 கிலோமீட்டரில் நான்கு மில்லிமீட்டர் தேய்ந்தது என்று கொண்டால், டயர் சுமார் 83 லட்சம் முறை சுற்றியிருக்கும். ஒரு சுற்றில் தேய்ந்தது அரை நானோமீட்டர், ஒரேயொரு ரப்பர்ச் சங்கிலியின் தடிமன் அளவு. அடுக்கடுக்காக உரிவதில்லை, துணுக்குகளாகவே உதிர்கிறது. சராசரி மட்டும் இப்படி.

உருளும் சக்கரம் வழுக்குவதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. சரியாகச் சொன்னால் எப்போதும் சிறிது வழுக்கிக்கொண்டே இருக்கும். தொடுதடத்தின் முன்பகுதியில் ரப்பர் தரையைப் பற்றி நீள்கிறது. பின்பகுதியில் தரையை விடும்போது சற்று நழுவுகிறது. தேய்மானம் இந்த நழுவலில் நடக்கிறது. வளைவில் திரும்பும் சக்கரத்தில் நழுவல் இரட்டித்தால் தேய்மானம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்று ஷாலமாக்கும் அவரோடு ஆய்வு செய்த டர்னரும் 1960இல் காட்டினார்கள். சட்டென்று முடுக்கி, சட்டென்று பிடித்து ஓட்டுபவரின் டயர் பாதி நாளில் தீர்ந்துபோவது இதனால்தான். எஞ்சின் விசை பின் சக்கரத்தில் இறங்குவதால் பின் டயர் முன்னதைவிட வெகு முன்பே தேய்ந்துவிடும்.

எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பது ஓட்டிய சாலையைச் சொல்லும். பாலத்திலும் நகருக்குள்ளும் நேராகவே போன வண்டியில் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகி, இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும். நண்பர்களோடு தெலுக் பஹாங், தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் பூலாவுக்கு மலைவளைவுகளில் போய்வரும் வண்டியில் டயரின் பக்கத் தோள்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். இரண்டில் நகர வண்டியின் டயரே மோசம். உருண்டை வடிவம்தான் மோட்டார் சைக்கிளை ஒரே சீராகச் சாய விடுகிறது. நடு தட்டையானால் வண்டி முதலில் சாய மறுக்கும். விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். பள்ளம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று ஒத்திப்போடுவது இதனால் தவறு. வடிவம் போனதும் டயர் போனதுதான்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்த டயரும் கெடும். ரப்பர்ச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஓசோன் வெட்டுகிறது. டயர் வளைந்து நீண்டிருக்கும் இடத்தில் வெட்டு விரிசலாகத் திறந்துகொள்கிறது. பக்கச்சுவரில் தெரியும் மயிரிழை வெடிப்புகள் அவைதான். வெப்பமும் பிராணவாயுவும் சேர்ந்து சங்கிலிகளுக்கிடையே மேலும் முடிச்சுகளைப் போட்டு ரப்பரை இறுக்குகின்றன. இறுகிய ரப்பர் கற்களைச் சுற்றி வளைந்துகொடுக்காது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடி குறைந்திருக்கும். ஓசோனைத் தடுக்க 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் பொருள் அமெரிக்க மேற்குக்கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடிக்கப்பட்டது. தேய்ந்த டயர்த் துணுக்குகள் மழைநீரோடு எங்கே போகின்றன என்ற கேள்வி அதன்பின் சூடுபிடித்துள்ளது.

டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 80/90-17 என்ற எழுத்தில் 80 அகலத்தின் மில்லிமீட்டர், 90 அகலத்தில் உயரத்தின் விழுக்காடு, 17 ரிம்மின் அங்குலம். தேய்மானத்துக்கும் குறியுண்டு. பள்ளத்தின் அடியில் அங்கங்கே சிறு மேடு கட்டியிருப்பார்கள். பட்டன்கள் தேய்ந்து மேட்டோடு சமமானால் காலம் முடிந்தது. இந்தியச் சட்டம் இருசக்கர வண்டிக்குக் கேட்பது குறைந்தது 0.8 மில்லிமீட்டர், பிரிட்டன் 50 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கேட்கிறது. இவை தண்டனைக்கான எல்லைகளே. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே ஓட்டுகிறவர் அந்த எல்லை வரை காத்திருப்பது வீண் துணிச்சல்.

மாற்றும் வேலையைப் பட்டறையில் கொடுப்பவர்களே அதிகம். ஆனால் ஒன்றாக வண்டி ஓட்டும் நண்பர்கள் விடுமுறை நாளில் ஒரு வீட்டு வாசலில் கூடி, வரிசையாக டயர் மாற்றுவதும் உண்டு. துணைக்கு ஆள் இருப்பதில் அறிவியல் காரணமும் இருக்கிறது. டயரின் விளிம்புக்குள் நீளாத எஃகுக் கம்பி வளையம் உள்ளது. அது நீளாததால்தான் டயர் காற்றழுத்தத்தில் ரிம்மை விட்டுக் கழல்வதில்லை. ரிம்மின் ஓரமோ அந்த வளையத்தைவிடப் பெரியது. நீளாத வளையம் தன்னைவிடப் பெரிய ரிம்மைத் தாண்டுவது எப்படி? ரிம்மைக் குறுக்காகப் பார்த்தால் நடுவில் ஒரு குழி ஓடுகிறது. வளையத்தின் ஒரு பக்கத்தை அந்தக் குழிக்குள் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் சிறிது தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் ரிம்மின் ஓரத்தைத் தாண்டுகிறது. புதிதாகக் கற்பவர் லிவரை இன்னும் பலமாக அழுத்துவார், ரிம் வளையும், டியூப் கிழியும். நண்பர் ஒருவர் எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றி வளையத்தைக் குழிக்குள் வைத்திருந்தால் கடைசிப் பகுதி சிரமமில்லாமல் உள்ளே வரும்.

கழற்றும்போது லிவரை வால்வுக்கு அருகில் நுழைப்பார்கள், மாட்டும்போதும் கடைசிப் பகுதியை வால்வு அருகிலேயே முடிப்பார்கள். வால்வின் அடிப்பகுதி குழியை அடைத்திருக்கும், அங்கே வளையம் இறங்காது. ஆகவே இறங்க வேண்டிய பக்கம் வால்வுக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். சோப்பு நீர் தடவினால் விளிம்பு வழுக்கிப் போகும். கிரீஸ் தடவக் கூடாது, அது உலராது, டயர் ரிம்மிலேயே சுற்றும். பழைய டியூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடிந்துகொள்ளும். புதிது போடுவது நல்லது. பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். மேற்பட்டையின் மூட்டும் பள்ளங்களின் போக்கும் அந்தத் திசைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. காற்று ஏற்றும்போது விளிம்பு ரிம்மில் ஏறி அமரும் சத்தம் கேட்கும். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே சக்கரத்தை ஏற்றுவார்கள். பின் சக்கரம் என்றால், சங்கிலி இறுக்கும் குறிகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடி, புது டயர் ஒரு பக்கம் தேயும். இந்தக் கடைசிப் பார்வையை மாட்டியவரைவிடப் பக்கத்தில் நிற்பவர் செய்வது நல்லது. தன் கை வேலையின் பிழை தனக்குத் தெரிவதில்லை.

புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த மழமழப்போடு இருக்கும். கற்களோடு உரசிச் சொரசொரப்பாகும் வரை அதன் முழுப் பிடி வராது. விளிம்பில் தடவிய சோப்பு நீர் உலரவும் ஒரு நாள் ஆகும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை சட்டென்று சாய்க்காமலும் முடுக்காமலும், ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாகச் சாய்த்து ஓட்டினால் தோள்கள் வரை பதம் வரும்.

கழற்றிய டயருக்கு மறு உருவம் இல்லை. கந்தக முடிச்சுகள் போட்ட ரப்பரை உருக்கிப் புதிதாக வார்க்க முடியாது. அரைத்துத் தூளாக்கலாம், சாலைத் தாரில் கலக்கலாம், எரிக்கலாம். வாசலில் போட்டு வைப்பது மட்டும் கூடாது. வளைந்த உட்பக்கத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மழைநீர் தேங்கும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது பிடித்த இடம். ஆசியப் புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் வகை அமெரிக்காவில் 1985இல் டெக்சஸ் மாநிலத்தில் பெருகியது கப்பலில் வந்த பழைய டயர்கள் வழியே. மலேசியாவில் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி கொசு முட்டையிட இடம் தரும் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. புது டயர் வாங்கிய கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். கொடுக்கும் வரை நீர் தங்காதபடி கூரைக்கு அடியில் வைக்க வேண்டும்.